பக்கத்துப் பள்ளி எவ்வளவு தூரம்?

பாளையங்கோட்டையில் 1890-களில், சில ஆண்டு இடைவெளியில் இரண்டு பள்ளிகள் தொடங்கப்பட்டன. பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளியை ஆஸ்க்வித் என்ற மிஷனரிப் பெண்மணி ஏற்படுத்தினார். காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கியவர் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன். அந்தப் பள்ளி இன்றும் அவர் பெயரில்தான் நடக்கிறது. காது கேளாத பிள்ளைக்குப் படிப்பு வரும் என்பதையே ஊரார் நம்பாத காலம் அது. விடுதியும் பள்ளியும் சேர்ந்த இந்த இரண்டு இடங்களும்தான் தென்மாவட்டங்களின் எத்தனையோ குடும்பங்களுக்கு இருந்த ஒரே வழி. ஆறு வயதுப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனால் அடுத்து விடுமுறைக்குத்தான் பார்க்க முடியும். பிள்ளை படித்தது, ஆனால் வீட்டையும் தெருவையும் விட்டுத்தான் படித்தது.

இன்று காகிதத்தில் பார்த்தால் தமிழ்நாட்டில் ஒரு மாற்றுத்திறன் குழந்தைக்குப் பல வழிகள் திறந்திருக்கின்றன. வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சாதாரணப் பள்ளியில் சேரலாம். அரசோ தொண்டு நிறுவனமோ நடத்தும் சிறப்புப் பள்ளிக்குப் போகலாம். வட்டார வள மையத்தை ஒட்டி நடக்கும் பகல்நேர மையத்தில் பயிற்சி பெறலாம். நடமாடவே முடியாத பிள்ளைக்குச் சிறப்பாசிரியர் வீட்டுக்கே வந்து கற்பிக்கும் ஏற்பாடு உண்டு. பத்தாம் வகுப்பை எட்டியவருக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. எதுவும் பொய்யில்லை. எல்லாமே எங்கோ ஓரிடத்தில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆனால் ஜூன் மாதம் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஊர்ப் பள்ளிக்குப் போகும் அம்மாவுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "நீங்க கூடவே இருந்து பாத்துக்கிட்டா சேத்துக்கிறோம்மா." இந்த ஒரு வாக்கியத்தில் நம் ஏற்பாட்டின் முழுக் கணக்கும் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். வழிகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு வழியிலும் பிள்ளையோடு நாள்தோறும் இருக்க வேண்டிய பயிற்சி பெற்ற ஒருவர்தான் இல்லை. அந்த இடத்தை நிரப்புவது சம்பளமில்லாத தாய். சிறப்புப் பள்ளியா, பொதுப் பள்ளியா என்ற நெடுநாள் விவாதத்தில் நாம் பார்க்கத் தவறுவது இதைத்தான்.

சட்டத்தில் குறையொன்றும் பெரிதாக இல்லை. மத்திய அரசு 1974-இலேயே மாற்றுத்திறன் குழந்தைகளைப் பொதுப் பள்ளியில் சேர்த்துப் படிக்க வைக்கும் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2012-இல் வந்த திருத்தம் மாற்றுத்திறன் குழந்தைகளையும் நலிவுற்ற பிரிவில் சேர்த்து, கடுமையான குறைபாடும் பல குறைபாடுகளும் உள்ளவர்களுக்கு வீட்டிலிருந்தே கற்கும் உரிமையையும் தந்தது. பிறகு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். ஏழு வகை இருபத்தொன்றாயிற்று. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச்சிதைவு, தலசீமியா எல்லாம் அப்போதுதான் உள்ளே வந்தன. அதன் 31-ஆம் பிரிவு முக்கியமானது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளை 6 வயது முதல் 18 வயது வரை இலவசமாகப் படிக்கலாம். அது பக்கத்துப் பள்ளியிலா சிறப்புப் பள்ளியிலா என்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் அந்தப் பிள்ளைக்கே தரப்பட்டிருக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்கு 14 வயதோடு முடியும் உரிமை இவர்களுக்கு 18 வரை நீள்கிறது. பள்ளியில் சேர்க்க மறுக்கும் தலைமையாசிரியர் எவராயினும் சட்டத்துக்கு எதிராகவே நிற்கிறார்.

இருந்தும் நிலவரம் என்ன? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள் பதிவானார்கள். அந்தக் கணக்கு பழைய வகைப்பாட்டில் எடுத்தது. கற்றல் குறைபாடு போன்றவை அதில் தனியே இல்லை. அதே கணக்கெடுப்பை வைத்து யுனெஸ்கோ 2019-இல் வெளியிட்ட இந்தியக் கல்வி நிலை அறிக்கை, நாடு முழுவதும் 5 முதல் 19 வயதுவரையுள்ள மாற்றுத்திறன் பிள்ளைகளில் நான்கில் ஒருவர் எந்தக் கல்வி நிலையத்திலும் இல்லை என்றது. ஐந்து வயதுக் குழந்தைகளில் நான்கில் மூவர் எங்கும் சேர்க்கப்படவில்லை. எந்த வயதில் தொடங்கினால் பலன் அதிகமோ அந்த வயதில்தான் பிள்ளை வீட்டிலேயே இருக்கிறது.

வட்டார வள மையத்தின் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஏனென்றால் கிராமத்துப் பிள்ளைக்கு அரசு என்பது இந்த மையம்தான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் சில சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடக்கும். எலும்பு, காது மூக்கு தொண்டை, கண், மனநலம் என்று மருத்துவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரே நாளில் அளவெடுத்து, சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் எழுதிக் கொடுத்து, உபகரணத்துக்குப் பெயர் பதிவார்கள். கான்பூரிலுள்ள அலிம்கோ நிறுவனத்திலிருந்து சக்கர நாற்காலியும் காதொலிக் கருவியும் மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கான நாற்காலியும் வந்து சேரும். வகுப்பாசிரியர்கள் 'நலம் நாடி' செயலியில் மாணவர்களைப் பார்த்துப் பதிவேற்றுகிறார்கள். கண்டுபிடிக்கும் வேலையில் தமிழ்நாடு பல மாநிலங்களுக்கு முன்னே நிற்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கண்டுபிடித்த பிறகுதான் சிக்கல். சிறப்புப் பயிற்றுநர் ஒரு பள்ளிக்கு உரியவரல்ல. வட்டாரம் முழுவதற்கும் உரியவர். பத்துப் பள்ளிகளைப் பார்க்கும் ஒருவர் நாளுக்கு ஒரு பள்ளி என்று போனால்கூட அதே பள்ளிக்கு மறுபடி வர இரண்டு வாரம் ஆகும். இடையில் முகாம், பயிற்சிக் கூட்டம், அடையாள அட்டைக்கான கணினிப் பதிவு, வீட்டிலிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும் நாள். அவர் வராத நாட்களில் அந்தப் பிள்ளை பெயருக்கு வகுப்பில் இருக்கும். வருகைப் பதிவேட்டில் குறி விழும், மதிய உணவு உண்டு, சீருடை உண்டு. பாடம்தான் இல்லை. உள்ளடக்கிய கல்வி என்ற பெயரில் நம் பள்ளிகளில் நடப்பதில் பெரும்பகுதி உடன் உட்கார வைப்பது மட்டுமே. அதுவும் சிறிய காரியமல்ல. கூட உட்கார்ந்த பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகும்போது அவர்களுடைய பார்வை மாறியிருக்கும். ஆனால் அந்தப் பார்வை மாற்றத்துக்காக ஒரு குழந்தை தன் எட்டு ஆண்டுகளை எழுத்தறியாமல் கழிக்க வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது.

இன்னொரு விஷயமும் அதிகம் பேசப்படுவதில்லை. சிறப்புக் கல்வியில் பட்டம் ஒரு குறைபாட்டைச் சார்ந்தே பெறப்படுகிறது. அறிவுசார் குறைபாட்டில் பி.எட். முடித்தவருக்குப் பிரெய்ல் கற்பிக்கும் பயிற்சி ஆழமாக இருக்காது. பார்வைக் குறைபாட்டில் படித்தவருக்குச் சைகை மொழி வராது. வட்டாரத்துக்கு வந்தவர் எதைப் படித்தவரோ அந்தக் குறைபாடுள்ள பிள்ளைக்கு அதிர்ஷ்டம். மற்றவர்களுக்குப் பொதுவான உடற்பயிற்சியும் வண்ணம் தீட்டலும்தான் பாடமாக அமைகின்றன. இதற்குப் பயிற்றுநரைக் குறை சொல்வது அநியாயம். தொகுப்பூதியத்தில், பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடிக்கொண்டு, சொந்த வண்டியில் வட்டாரம் முழுக்கச் சுற்றுகிறவர்கள் அவர்கள். அவர்கள் இல்லையென்றால் இந்த ஏற்பாடு ஒரு மாதம்கூடத் தாங்காது.

உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் இந்தச் சிறப்பாசிரியர் பற்றாக்குறையைத்தான் தொட்டது. தொடக்கப் பள்ளியில் பத்து மாற்றுத்திறன் மாணவருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று விகிதம் வகுத்தது. அடுத்த ஆண்டு மத்திய அரசும் இந்த விகிதத்தை அறிவிக்கையாக வெளியிட்டது. 2025 மார்ச்சில் நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, மாநிலங்கள் பணியிடங்களைக் கணக்கிட்டு அறிவித்து நிரப்ப வேண்டும் என்றது. நீதிமன்றம் கேட்பது வட்டாரத்துக்குச் சிலர் என்ற ஏற்பாட்டை அல்ல. பள்ளியோடு கட்டுண்ட நிரந்தர ஆசிரியரை. இந்த வேறுபாட்டை மாநிலங்கள் வசதியாக மங்க விட்டுவிடுகின்றன.

பணம் எவ்வளவு என்று கேட்டால் நெஞ்சு கனக்கும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் ஒரு மாற்றுத்திறன் மாணவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் என்று கணக்கிடுகிறது. மாதத்துக்கு 300 ரூபாய்கூட வரவில்லை. பெண் பிள்ளைகளுக்கு இதைத் தவிர மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதத்துக்கு உதவித்தொகை. நகரத்தில் பேச்சுப் பயிற்சிக்குச் சில முறை போய்வந்தால் தீர்ந்துபோகும் தொகை இது. இந்தத் தொகையும்கூட மத்திய, மாநில அரசுகளின் பிணக்கில் மாட்டிக்கொண்டது. தேசியக் கல்விக் கொள்கையையும் பி.எம்.ஸ்ரீ பள்ளிகளையும் தமிழ்நாடு ஏற்கவில்லை என்பதால் 2024-25-ஆம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அந்தக் கல்விக் கொள்கை சொல்லும் மும்மொழித் திட்டம் பற்றிய விவாதத்தில் எனக்கும் உறுதியான நிலைப்பாடு உண்டு. ஆனால் எந்தப் பக்கம் நின்றாலும், நடக்க முடியாத ஒரு பிள்ளைக்கு வாராவாரம் தசை இறுகாமல் பயிற்சி தரும் இயன்முறை மருத்துவரின் சம்பளத்தை அந்த விவாதத்தின் பிணையாக வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்த இடைவெளிகளையெல்லாம் அடைப்பவள் தாய். பள்ளி வராந்தாவில் பகல் முழுக்க உட்கார்ந்து, மணிக்கொருமுறை பிள்ளையைக் கழிப்பறைக்குத் தூக்கிச் செல்லும் பெண்களை எந்த மாவட்டத்திலும் பார்க்கலாம். அவர்களால் நூறு நாள் வேலைக்குப் போக முடியாது. தையல் எடுக்க முடியாது. இரண்டாவது பிள்ளையின் பள்ளிக் கூட்டத்துக்குப் போக முடியாது. கடுமையான குறைபாடுள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 1,500 ரூபாயிலிருந்து 2,000 ஆனது. இது குடும்பத்துக்கு உண்மையான ஆதரவு. பல மாநிலங்களில் இது இல்லை. ஆனாலும் ஒரு தாயின் மாதக் கூலிக்கு இது ஈடாகாது. உதவியாளர் ஒருவரைப் பள்ளியில் நியமித்தால், ஒரே ஆள் நான்கைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியும். நான்கைந்து பெண்கள் வேலைக்குப் போக முடியும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கப் பொருளாதார நிபுணர் தேவையில்லை.

வயது இரண்டு, மூன்றில் நடக்க வேண்டியவை இன்னும் முக்கியம். 2013 முதல் நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் போகின்றன; சந்தேகப்படும் குழந்தையை மாவட்டத் தலைநகரிலுள்ள ஆரம்பகட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்புகின்றன. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி இலவசமாகப் பொருத்தப்படுகிறது. லட்சக்கணக்கில் செலவாகும் அறுவைச் சிகிச்சை அது. கூலித் தொழிலாளியின் குழந்தைக்கும் அது கிடைக்கச் செய்தது தமிழ்நாட்டின் பெருமைதான். ஆனால் கருவி பொருத்தியதும் குழந்தை பேசிவிடாது. அதன் காதில் விழுவது வெறும் சத்தம். சத்தத்தைச் சொல்லாக்க ஓராண்டுக்கும் மேலாக வாரம் தவறாமல் பேச்சுப் பயிற்சி வேண்டும். பயிற்சி மையம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தால், இரண்டு பேருந்து மாறி, கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு போகும் தாய் எத்தனை வாரம் தாக்குப்பிடிப்பாள்? நடுவில் நின்றுபோன பயிற்சியோடு, பழுதான கருவியின் உதிரிப் பாகத்துக்குக் காசில்லாமல், விலை உயர்ந்த அந்தக் கருவி பீரோவுக்குள் போய்விடுகிறது. மூன்று வயதுக்குள் தொடங்கினால் காது கேளாத குழந்தைக்குப் பேச்சு வரும் என்பதைச் சென்னையின் பால வித்யாலயா 1969-இலிருந்து காட்டிவருகிறது. அங்கே தாய்க்கும் சேர்த்தே பயிற்சி. அந்த அறிவு மாவட்டத்துக்கு ஒன்றாகவாவது பரவியிருக்க வேண்டும்.

பயிற்சியை வீட்டுக்குக் கொண்டுபோக முடியும் என்பதற்குத் தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் சான்று இருக்கிறது. கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அதன் ஊழியர்கள் கிராமங்களிலிருந்தே எடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்றவர்கள். வீடு வீடாகப் போய், சின்னக் குழந்தைக்கு எப்படித் தலையை நிமிர்த்திப் பிடிப்பது, எந்த நிலையில் உட்கார வைத்துச் சோறூட்டுவது என்று தாய்க்கும் பாட்டிக்கும் செய்து காட்டுகிறார்கள். என்ன முன்னேற்றம் என்பதைக் கைப்பேசிச் செயலியில் பதிந்து நிபுணருக்கு அனுப்புகிறார்கள். நிபுணர் குறைவான நாட்டில் நிபுணரின் அறிவை ஊருக்குள் அனுப்பும் முறை இது. சென்னையில் 1985-இல் பூனம் நடராஜன் தொடங்கி, பின்னாளில் வித்யாசாகர் என்று பெயர் மாறிய அமைப்பும் மூளை முடக்குவாதப் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிக்கு அனுப்பும் வேலையில் இதே போன்ற பாதையைத்தான் வகுத்தது. உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு அரசு இப்போது நடத்தும் 'உரிமைகள்' திட்டத்தின் 'விழுதுகள்' மையங்கள் பல சிகிச்சைகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவருகின்றன. நல்ல தொடக்கம். திட்டக் காலம் முடிந்து கடன் தொகை நின்ற பிறகும் அந்த மையங்களில் ஆள் இருப்பார்களா என்பதை வைத்துத்தான் அவற்றை மதிப்பிட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத குறைபாடு கற்றல் குறைபாடு. பிள்ளை நன்றாகப் பேசும், கேள்வி கேட்கும், கடைக்குப் போய் மீதிச் சில்லறை சரியாக வாங்கி வரும். புத்தகத்தைத் திறந்தால் எழுத்து கூடாது. மூன்றாம், நான்காம் வகுப்பில் 'மக்கு', 'சோம்பேறி' என்ற பெயர் விழுந்துவிடும். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1990-களின் தொடக்கத்திலிருந்து இதற்காக உழைத்து, ஆசிரியர்களைப் பயிற்றுவித்து வருகிறது. ஆனால் இந்தத் துறையின் சோதனைகளும் பாட முறைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பிறந்தவை. தமிழில் படிக்கும் பிள்ளைக்கு வரும் இடர் வேறு மாதிரி. 'கொ' என்று எழுதினால் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஒலியோ மூன்றையும் சேர்த்தது. கண் போகும் வரிசையும் வாய் சொல்லும் வரிசையும் ஒன்றல்ல. ர, ற, ல, ள, ழ, ந, ன, ண என்று ஒலியால் நெருங்கிய எழுத்துகள் வேறு. தமிழ் வழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளையைத் தமிழிலேயே சோதித்து, தமிழிலேயே மீட்டெடுக்கும் ஆசிரியர் எத்தனை ஊரில் கிடைப்பார்? ஆங்கில வழியில் படிக்கும் நகரத்துப் பிள்ளைக்குச் சான்றிதழும் சலுகையும் தனிப் பயிற்சியும் எளிதில் அமைகின்றன. தமிழ் வழிப் பிள்ளை எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி பெற்று, ஒன்பதில் தடுமாறி, பட்டறைக்கோ மில்லுக்கோ போய்விடுகிறது. அது படிப்பில் ஆர்வமில்லாத பிள்ளை என்றே கடைசி வரை ஊர் நினைத்துக்கொண்டிருக்கும்.

தேர்வுச் சலுகைகள் ஓரளவு ஒழுங்காக நடக்கின்றன. அரசுத் தேர்வுகள் இயக்ககம் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு, செய்முறை விலக்கு ஆகியவற்றைக் குறைபாட்டுக்கேற்பத் தருகிறது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 40 சதவீதக் கோட்டைத் தொடாதவருக்கும் தேவை இருந்தால் எழுதுபவரைத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சலுகை கேட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்பது பல பெற்றோருக்குப் பத்தாம் வகுப்பின் நடுவில்தான் தெரியவருகிறது. மருத்துவச் சான்று வாங்கி, பள்ளி வழியாக அனுப்பி, ஆணை வருவதற்குள் தேர்வு வந்துவிடும். ஒன்பதாம் வகுப்பிலேயே வகுப்பாசிரியர் இதைச் சொல்லிவிட வேண்டும். பார்வையற்ற மாணவருக்கு இன்னொரு அநீதி: படம், வரைபடம், செய்முறை எல்லாவற்றுக்கும் விலக்குத் தந்தே பழகியதால் அறிவியல் பிரிவு அவர்களுக்கு எட்டாததாகிவிட்டது. திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும் காலத்தில் விலக்கு மட்டும் போதாது. தொட்டறியும் வரைபடமும் சோதனைக் கருவியும் வேண்டும்.

தனியார் பள்ளிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. "இங்க சரிப்படாது சார், ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்க" என்று சொல்லி அனுப்புவதே வழக்கம். சேர்த்துக்கொள்ளும் சில பள்ளிகள் உடனிருக்கும் ஆசிரியரின் சம்பளத்தையும் பெற்றோர் தலையில் கட்டுகின்றன. நகரங்களில் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் தெரபி மையங்களில், சிகிச்சை தருபவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்கும் பழக்கம் பெற்றோருக்கு வர வேண்டும். ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். ஆட்டிசம் நோயல்ல, பயிற்சியும் புரிதலும்தான் வேண்டும் என்பதை எழுத்தாளர் யெஸ். பாலபாரதி தமிழில் தொடர்ந்து எழுதிப் பல வீடுகளுக்குக் கொண்டுசேர்த்திருக்கிறார்.

சிறப்புப் பள்ளிகள் காலம் கடந்தவை, எல்லாப் பிள்ளைகளும் பொதுப் பள்ளிக்கே போக வேண்டும் என்று சொல்பவர்களோடு நான் முழுக்க உடன்படவில்லை. காது கேளாத ஒரு பிள்ளையை, சைகை தெரிந்த ஒருவரும் இல்லாத வகுப்பில் நாற்பது பேருக்கு நடுவே உட்கார வைப்பது தனிமைச் சிறை. காது கேளாதோர் பள்ளியில் அதற்குக் கிடைப்பது பாடம் மட்டுமல்ல. பேசிச் சிரிக்க, சண்டை போட, வம்பளக்க ஒரு மொழி. அந்த மொழியோடு வளர்ந்த பிள்ளைகள்தான் சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறையுடையோருக்கென்றே நடக்கும் பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகளுக்குப் போய்ச் சேர்கிறார்கள். அதேசமயம் கால் மட்டும் இயங்காத ஒரு பிள்ளையைச் சிறப்புப் பள்ளிக்கு அனுப்புவதற்கு எந்த நியாயமும் இல்லை. அதற்கு வேண்டியது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமுள்ள சாய்தளமும், சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறையும், மாடியிலிருக்கும் வகுப்பைக் கீழே மாற்றும் மனமும். பல பள்ளிகளில் சாய்தளம் செங்குத்தாகக் கட்டப்பட்டு, கணக்குக்கு மட்டும் பயன்படுகிறது. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்குத் தொடக்கப் பள்ளி வயதில் பொதுப் பள்ளியும், பதின்வயதில் வேலைத்திறன் சார்ந்த சிறப்புப் பள்ளியும் பொருந்தலாம். எந்தப் பிள்ளைக்கு எது என்பதை முடிவு செய்ய வேண்டியது அந்தப் பிள்ளையின் தேவை. இப்போது முடிவு செய்வது பேருந்து வழித்தடம்.

சிறப்புப் பள்ளிகளின் அனுபவம் பொதுப் பள்ளிக்குள் வர வேண்டும் என்பதே என் கோரிக்கை. பிரெய்ல் கற்பித்து நூறாண்டு கண்ட பள்ளி இருக்கும் மாவட்டத்தில், பொதுப் பள்ளி ஆசிரியர் ஒருவருக்குப் பிரெய்ல் தெரியாமல் இருப்பது வீணடிப்பு. முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் ஆசிரியர்களை உருவாக்குகிறது. கோவையில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயமும் உருவாக்குகிறது. பயின்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நிரந்தரப் பணியிடம்தான் இல்லை. ஆகவே அவர்களில் பலர் தனியார் தெரபி மையங்களுக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடுகிறார்கள்.

பதினெட்டு வயதில் எல்லாம் நின்றுவிடுகிறது. சட்டம் தந்த கல்வி உரிமையும் முடிகிறது; வட்டார வள மையத்தின் பதிவேட்டிலிருந்தும் பெயர் போகிறது. கல்லூரிக்குப் போகக்கூடியவர்களுக்கு 5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. போக முடியாதவர்கள் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். பத்தாண்டு பயிற்சியில் தானாக உண்ணவும் உடுத்தவும் கற்றவர் ஓராண்டில் அதையும் மறப்பதுண்டு. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-இல் உருவான தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, ஆட்சியர் இடம்பெறும் மாவட்டக் குழு பாதுகாவலர் சான்று தருகிறது. நிராமயா காப்பீட்டில் ஒரு லட்ச ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். இவை இரண்டுக்கும் விண்ணப்பிக்காத குடும்பங்களே அதிகம்; யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வரும் ஐந்தாண்டுகளில் எந்தெந்தப் பிள்ளை பதினெட்டைத் தொடும் என்ற பட்டியல் ஒவ்வொரு வள மையத்தின் பதிவேட்டிலும் இப்போதே இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையமும் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கி, வட்டாரத்துக்கு ஒரு வேலைப் பயிற்சிக் கூடத்தையாவது அடுத்த ஜூனுக்குள் திறக்கட்டும்.